செவுள் வெட்டும்போது டீக்குப் போகாதீர்கள்

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை பாதரசக் கழிவுப் பிரச்சினையால் 2001-இல் மூடப்பட்ட கதையைக் கேட்டுவிட்டு, பாதரசம் மீனை என்ன செய்யும் என்று பார்க்க வருஷத்துக்கு ஒரு மாணவராவது எங்கள் விலங்கியல் ஆய்வகத்துக்கு வந்துவிடுவார். ஸ்லைடு போட்டுக்கொடுப்பது என் வேலை. அவர்களிடம் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

தேளி மீன் எடுங்கள். செவுளாலும் மூச்சுவிடும், மேலே வந்து காற்றையும் குடிக்கும். பக்கத்துடுப்பு முள்ளில் விஷம் உண்டு, கை பத்திரம். மெர்குரிக் குளோரைடு என்ற பாதரச உப்பு கலந்த தொட்டியில் அது எத்தனை தடவை மேலே வருகிறது என்று எண்ணிக் குறியுங்கள். செவுளில் கோழை மூடினால் தண்ணீரிலிருந்து ஆக்ஸிஜன் எடுக்க முடியாது. அடிக்கடி மேலே வரும். தோலிலும் கோழை கொட்டும், பிறகு மேல்தோல் படலமாக உரியும். ஸ்லைடுக்கு எடுக்கும்போது அந்த வழவழப்பைத் துடைத்துவிடாதீர்கள்.

மயக்கம் கொடுத்து, மீனைத் திறந்த உடனேயே செவுளை, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போடுங்கள். என் முதல் வருஷத்தில் மீனைத் திறந்து வைத்துவிட்டு டீக்குப் போய்விட்டேன். ஸ்லைடில் செவுள் தகடுகளின் மேல்தோல் கொப்புளம் போல எழும்பி நின்றது. பாதரச பாதிப்பு என்று சந்தோஷமாகக் குறித்தேன். நல்ல தண்ணீரில் இருந்த மீனின் ஸ்லைடைப் பார்த்தால் அதிலும் அதே கொப்புளம்! செத்த செவுள் தானாகவே அப்படி ஆகும். மொத்த ஸ்லைடும் குப்பைக்குப் போனது.

நம்பத் தகுந்த அடையாளங்கள் வேறு. சீப்புப் பல் மாதிரி தனித்தனியாக நிற்க வேண்டிய தகடுகள், இடையில் செல்கள் பெருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். சில தகடுகளின் நுனியில் ரத்தம் தேங்கி பலூனாக உப்பியிருக்கும். கோழைச் செல்களை எண்ண ஆல்சியன் நீலம், பாஸ் (PAS) என்ற இரண்டு சாயங்களையும் போடுங்கள். நீலமும் மெஜந்தாவுமாகத் தெரியும்.

பழைய அலமாரியில், ஃபார்மலின் போலவே திசுவைக் காக்கும் ஜெங்கர் கரைசல் இருந்தால் தொடாதீர்கள். அதிலேயே மெர்குரிக் குளோரைடு இருக்கிறது. திசுவில் கருப்புப் புள்ளி விழும், அதைப் பார்த்து ஏமாறாதவர் குறைவு.

செம்பு, துத்தநாகம் பட்டாலும் செவுள் ஏறக்குறைய இப்படித்தான் கெடும். ஆற்று மீன் என்றால் ஸ்லைடை மட்டும் வைத்துப் பாதரசம்தான் என்று எழுதாதீர்கள். திசுவில் எவ்வளவு இருக்கிறதென்று அளந்து பாருங்கள். தொட்டித் தண்ணீரை சிங்க்கில் கொட்டவே கூடாது. மூடிபோட்ட கேனில் ஊற்றி, பெயர் ஒட்டி, என்னிடம் கொடுங்கள்.