தாய்க்கோழி பார்த்து வாங்குவது

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகிற வழியில் எங்கள் ஊர். கொல்லையில் எப்போதும் பத்துப் பதினைந்து கோழி நிற்கும். குஞ்சு பொரிக்கும் மெஷின் கிடையாது, எல்லாம் கோழியின் வயிற்றுச் சூட்டில்தான். "கோழி வாங்கணும், எந்த ரகம் நல்லது?" என்று யாராவது கேட்டால், "முட்டைக்கா, குஞ்சுக்கா?" என்று திருப்பிக் கேட்பேன். அடை உட்காரும் 21 நாளும், அப்புறம் குஞ்சோடு திரியும் ஒன்றரை இரண்டு மாதமும் கோழி முட்டை விடாது. அதனால் முட்டைக்கென்று வளர்த்தெடுத்த இனங்களில் அடைக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக்கட்டிவிட்டார்கள். பண்ணைகளில் இருக்கும் வெள்ளை லெகார்ன் முட்டையை விட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காது.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். வண்டியில் கூடை கட்டி வந்த ஒருவரிடம் "அசல் நாட்டுக்கோழி" என்று பன்னிரண்டு குஞ்சு வாங்கினேன். நன்றாக வளர்ந்தன, முட்டையும் தாராளம். ஆனால் ஒன்றுகூட அடைக்குப் படுக்கவில்லை. கடைசியில் ஒரு பெட்டை படுத்தது. ஆசையாகப் பதினொரு முட்டை வைத்தேன். ஆறாம் நாள் காலையில் பார்த்தால் அது வைக்கோல் போரடியில் கிளறிக்கொண்டிருக்கிறது, முட்டையெல்லாம் சில்லிட்டுக் கிடக்கிறது. பதினொன்றும் கூமுட்டை. அவை கலப்பினக் கோழிகள் என்று பிறகுதான் தெரிந்தது. வனராஜா, கிரிராஜா மாதிரிக் கோழிகளைக் குறை சொல்லவில்லை. கொல்லையில் மேய்ந்து நல்ல எடைக்கு வரும். தாயாக மட்டும் நம்பாதீர்கள்.

எங்கள் பக்கத்துக்கு என் கணக்கில் சிறுவிடை என்கிற சின்ன உடம்பு நாட்டுக்கோழிதான். ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ இருக்கும். வருஷத்துக்கு அறுபது எழுபது முட்டைதான் விடும். ஆனால் பத்துப் பதினைந்து முட்டை விட்டதும் தானாகவே அடைக்கு வந்துவிடும். உடம்பு லேசு என்பதால் கூட்டுக்குள் இறங்கும்போது முட்டை உடையாது. ஒன்பது அல்லது பதினொன்று வையுங்கள், அதற்கு மேல் பேராசை. ஒற்றைப்படை என்பது அத்தையின் கணக்கு, நானும் மாற்றவில்லை.

பெரிய உடம்பு நாட்டுக்கோழியான பெருவிடைக்குத் தைரியம் அதிகம். கீரியை வேலி வரைக்கும் விரட்டிய பெட்டையை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் கனமான உடம்பு, நீளமான கால். உயரமான கூடையில் வைத்தால் மேலிருந்து முட்டைமேல் குதிக்கும். என்னிடம் ஒன்று முதல் வாரத்திலேயே நான்கு முட்டையை உடைத்துவிட்டது. பெருவிடைதான் வேண்டும் என்றால் தரையிலேயே விளிம்பு தாழ்ந்த கூடு கட்டுங்கள், பக்கத்தில் வேறு தாயின் குஞ்சுகளை விடாதீர்கள், கொத்திக் கொன்றுவிடும்.

கருங்கோழி என்று விற்கிற கடக்நாத் பெரும்பாலும் அடை உட்காராது. அதன் முட்டையைச் சிறுவிடைக்கு அடியில் வையுங்கள், வேலை முடிந்தது. மொட்டைக்கழுத்துக் கோழி நம் வெயிலை நன்றாகத் தாங்கும், சிலது படுக்கவும் செய்யும். ஆனால் இறகு குறைவு, மார்கழிப் பனியில் முட்டை கொஞ்சமாக வைத்தால் போதும். ஆசைக்கு வளர்க்கும் சில்கி அடைக்குப் பேர்போனது. அதன் இறகு பஞ்சு மாதிரி, தண்ணீர் ஒட்டாமல் வழியாது. ஐப்பசி மழையில் நனைந்த துணி போல் நிற்கும். டெல்டாவுக்குச் சரிப்படாது.

ரகத்தை முடிவு செய்த பிறகும் பாதி வேலை இருக்கிறது. சிறுவிடையிலும் உதவாதது உண்டு. சந்தையில் வாங்காதீர்கள், அங்கே அதன் வரலாறு தெரியாது. குஞ்சோடு மேய்கிற கோழியை வீட்டுக்கே போய்ப் பாருங்கள். எத்தனை முட்டை வைத்தார்கள், எத்தனை குஞ்சு இறக்கியது, ஒரு மாதம் கழித்து எத்தனை மிச்சம் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விதான் முக்கியம். பத்துப் பொரித்து மூன்றை மிச்சம் வைத்த கோழியைவிட, ஏழு பொரித்து ஆறைக் காப்பாற்றியது மேல். பருந்து நிழல் விழுந்ததும் ஒரு குரல் கொடுத்துக் குஞ்சுகளை வாழைக்கடியில் ஒதுக்குகிறதா என்று நின்று கவனியுங்கள். முதல் தடவை படுக்கும் இளம் பெட்டை நன்றாகவும் செய்யும், நட்டாற்றில் விட்டுவிட்டும் போகும்.

வாங்கிய கோழி அடைக்கு வந்ததும் நல்ல முட்டையை அவசரப்பட்டு வைக்காதீர்கள். இரண்டு கூமுட்டையைப் போட்டு இரண்டு ராத்திரி பாருங்கள். கையை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு உறுமவேண்டும், கொத்தினாலும் பரவாயில்லை, எழுந்திருக்கக் கூடாது. கத்திக்கொண்டு பறந்தால் அது இன்னும் தயாராகவில்லை. வேறு இடத்துக்கு மாற்றுவதானால் இருட்டிய பிறகு மாற்றுங்கள்.

நல்ல கோழியையும் அடையிலிருந்து எழுப்பிவிடுவது செள்ளு என்கிற பொடிப்பூச்சி. அதற்கு, மண்சட்டியில் மணல், அதன்மேல் நொச்சித் தழை, மேலே வைக்கோல் போடுங்கள். இடிக்குப் பயந்து அத்தை ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியும் வைப்பார். காரணம் கேட்காதீர்கள், நானும் வைக்கிறேன். ஏழாம் நாள் ராத்திரி செல்போன் டார்ச்சில் முட்டையைப் பிடித்துப் பாருங்கள், நரம்பு ஓடாததை எடுத்துவிடலாம்.

சம்பா அறுவடை முடிந்த தை, மாசிதான் தோதான காலம். வயலில் சிந்திய நெல் கிடக்கும், தரை காய்ந்திருக்கும். கத்திரி வெயிலில் முட்டையை நாலு நாளைக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். அறுவடை வயலுக்கு மேய வரும் வாத்துப் பட்டிக்காரர்களிடம் வாத்து முட்டை வாங்கி வைத்தும் பார்த்திருக்கிறேன். அதற்கு 28 நாள். அதுவரை எழுந்திருக்காமல் படுத்த செவலைப் பெட்டை ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. குஞ்சுகள் வாய்க்காலில் இறங்கியபோது கரையில் அது போட்ட சத்தத்துக்குத் தெருவே கூடிவிட்டது. அதன் மகள்களை மட்டும் நான் விற்பதில்லை. கேட்டு வருகிறவர்களுக்கு முட்டை தருகிறேன், அடை வைக்க ஒரு கோழியை அவர்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும்.