ஈறு நோய் சிகிச்சை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல் துலக்கும்போது இரத்தம் கசிந்தால், பலர் அந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஈறின் ஓரத்தில் படியும் நுண்ணுயிர்ப் படலம் அகற்றப்படாமல் கிடப்பதால்தான் பெரும்பாலும் இரத்தம் கசிகிறது; துலக்குவதைக் குறைத்தால் படலம் தடித்துக் கசிவும் கூடும். வலி இல்லையே என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது அடுத்த தவறு. ஈறு மட்டும் வீங்கியிருக்கும் கட்டத்தில் முழுமையாகக் குணப்படுத்தக்கூடிய இந்நோய், பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கத் தொடங்கிய பிறகு கட்டுப்படுத்தக்கூடியதாக மட்டுமே ஆகிவிடுகிறது. அந்த எல்லையைக் கடக்கும்போதும் பெரும்பாலும் வலிப்பதில்லை. புகைபிடிப்பவர்களுக்கு இரத்தக் கசிவு என்ற எச்சரிக்கைகூடக் குறைவாகவே கிடைக்கும்.

பல்லில் கெட்டியாகப் படிந்த காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங்கைச் செய்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும், பல்லுக்குப் பல் இடைவெளி விழுந்துவிடும் என்ற அச்சம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது; சிகிச்சைக்குப் பிறகு இடைவெளி தெரிவதும், குளிர்ந்த நீர் பட்டால் கூசுவதும், சில பற்கள் முன்னைவிடச் சற்று ஆடுவதுபோல் இருப்பதும் உண்மைதான். ஆனால் அந்த இடைவெளி ஏற்கெனவே எலும்பும் ஈறும் இழந்த இடம்; இதுவரை காரை அதை அடைத்துக்கொண்டிருந்தது. வீக்கம் வடியும்போது ஈறு சுருங்குவதால் வேரின் ஒரு பகுதி வெளியே தெரிகிறது, அதனால் கூச்சம் வருகிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அது தணிந்துவிடும். காரையின் பிடிப்பால் நிற்கும் பல்லை உறுதியான பல் என்று நம்பி, சிகிச்சையைத் தவிர்ப்பவர்கள்தான் இறுதியில் பல்லை இழக்கிறார்கள்.

மறுபுறம், ஒருமுறை ‘கிளீனிங்’ செய்துகொண்டதும் நோய் தீர்ந்தது என்று நினைப்பதும் தவறே. பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை மில்லிமீட்டர் குறியிட்ட மெல்லிய கருவியால் அளக்காமலும், எலும்பின் நிலையை எக்ஸ்ரேயில் பார்க்காமலும் எந்தச் சிகிச்சை போதும் என்று முடிவுசெய்ய முடியாது. 3 மி.மீ. வரையிலான ஆழம் இயல்பானது. அதற்கு மேல் ஆழமாகி எலும்பும் கரைந்திருந்தால், ஈறுக்குக் கீழே சென்று வேரின் மேற்பரப்பையும் சுத்தம் செய்யும் ரூட் பிளேனிங் தேவைப்படும். ஏறத்தாழ 6 வாரங்கள் முதல் 3 மாதங்களுக்குள் மீண்டும் அளந்து பார்த்த பிறகும் 6 மி.மீ. அளவுக்குப் பள்ளங்கள் எஞ்சியிருந்தால்தான் ஈறைத் திறந்து செய்யும் ஃப்ளாப் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டிவரும். மறு அளவீட்டுக்குப் போகாமல் விடுபவர்கள் சிகிச்சை பலித்ததா என்பதை அறியாமலே இருந்துவிடுகிறார்கள். முதல் நாளிலேயே லேசர்தான் ஒரே வழி என்று சொல்லப்பட்டால், பள்ளங்களின் அளவைக் காட்டும்படி கேட்பதில் தவறில்லை.

மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்கினால் வீக்கம் சில நாள் வடியும், காரையும் படலமும் அப்படியே இருக்கும். தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும், சுத்தம் செய்வதோடு சேர்த்தே மருத்துவர்கள் அதை எழுதுவார்கள். குளோர்ஹெக்சிடின் கலந்த கொப்புளிப்பு மருந்தும் குறுகிய காலத் துணைதான், மாதக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாவின் சுவை மாறும். வலிக்கும் ஈறில் கிராம்பு எண்ணெயை நேரடியாகத் தடவினால் புண்ணாகலாம். கரியும் செங்கல் தூளும் வேரைத் தேய்க்கும். பற்பொடி, பற்பசைகளில் புகையிலை சேர்ப்பதை இந்தியா 1992-இல் தடைசெய்தது. ஆயினும் விவரம் அச்சிடாத பொட்டலப் பொடிகளை ஒதுக்குவதே நல்லது.

பல் மருத்துவரிடம் பல்லைப் பற்றி மட்டும் பேசினால் போதும் என்று எண்ணி, பலர் பிற நோய்களைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லையெனில் ஈறு ஆறுவது தாமதப்படும். ஈறின் அழற்சி தணியாவிட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். வலிப்புக்கான ஃபெனிட்டாயினும், இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினும் சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். அவற்றையோ இரத்தம் உறையாமலிருக்கத் தரப்படும் மாத்திரைகளையோ தாமாக நிறுத்துவது ஆபத்தானது. எழுதித் தந்த மருத்துவரைக் கேட்டே எந்த மாற்றமும் செய்ய வேண்டும். கர்ப்பிணிகளும் ஸ்கேலிங்கைத் தவிர்க்க வேண்டியதில்லை.

ஆடும் பல்லை எடுத்துவிட்டு, தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லான இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டால் தொல்லை ஒழிந்தது என்பது விலையுயர்ந்த தவறு. ஈறு நோய் இருந்தவர்களுக்கு இம்ப்ளான்ட்டைச் சுற்றியும் அதேபோன்ற அழற்சி வரும் வாய்ப்பு அதிகம், அங்கும் எலும்பு கரையும். எனவே பல்லைக் காப்பாற்றினாலும் மாற்றினாலும், முதலில் 3 அல்லது 4 மாதங்களுக்கு ஒருமுறை பராமரிப்புக்குச் செல்வதும், பல்லிடுக்குகளுக்கான சிறு பிரஷ்ஷை அன்றாடம் பயன்படுத்துவதும் தவிர்க்க முடியாதவை. அந்தப் பிரஷ்ஷின் அளவை மருத்துவரிடமே கேட்டுத் தேர்ந்தெடுக்கலாம், ஏனெனில் எல்லா இடுக்குக்கும் ஒரே அளவு பொருந்தாது.