லீவர் எட்டவில்லையா? ஸ்டெம்மில் கை வைக்கும் முன்

சின்னக் கை உள்ளவர்கள் ரோடு பைக் (கீழே வளைந்த ஹேண்டில்பார் உள்ள வேக சைக்கிள்) வாங்கியதும் சொல்வது ஒன்றுதான்: "எட்டல." இந்த ஒரு சொல்லில் இரண்டு குறைகள் இருக்கின்றன. ஹேண்டில்பார் உடம்புக்கு எட்டாதது ஒன்று, பிரேக் லீவர் விரலுக்கு எட்டாதது இன்னொன்று. முதலாவதைத் தீர்ப்பது ஸ்டெம், அதாவது ஹேண்டில்பாரைப் பைக்கோடு பிடித்திருக்கும் துண்டு. இரண்டாவதைத் தீர்ப்பது லீவரில் உள்ள ஒரு சின்ன ஸ்க்ரூ. 100 மி.மீ. ஸ்டெம்மைக் கழற்றி 80 போட்டால் முதுகு கொஞ்சம் நிமிரும். லீவருக்கும் பாருக்கும் உள்ள இடைவெளி அப்படியேதான் இருக்கும்.

டிராப்பை, அதாவது பாரின் கீழ் வளைவைப் பிடித்துப் பாருங்கள். உள்ளங்கையை நகர்த்தாமல் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் மடிப்பு வரை லீவரை வளைத்துப் பிடிக்க வேண்டும். நுனி மட்டும் தொட்டால் ரீச்சை, அதாவது பாரிலிருந்து லீவர் நிற்கும் தூரத்தைக் குறைக்க வேண்டும். அதற்கான ஸ்க்ரூ சில மாடல்களில் ஹூட் (லீவருக்கு மேலே கை வைக்கும் மேடு) ரப்பருக்கு அடியில் இருக்கும், சிலவற்றில் லீவரிலேயே இருக்கும். பழைய சில ஷிமானோ லீவர்களில் ஸ்க்ரூ கிடையாது, ரப்பர் துண்டு செருகுவார்கள்.

இனி, நிறையப் பேர் கோட்டை விடும் இடம். ரீச்சைக் குறைத்தால் லீவர் உள்ளே வரும்; வரும்போது கேபிளையும் கொஞ்சம் இழுக்கும். சக்கர விளிம்பை அழுத்தும் ரிம் பிரேக்கில் பேட் (பிரேக் கட்டை) ரிம்மை உரச ஆரம்பிக்கும். உரசுகிறதே என்று கேபிளைத் தாராளமாக லூஸ் செய்துவிடுவார்கள். லீவர் ஏற்கெனவே பாருக்குப் பக்கத்தில் நிற்கிறது. இப்போது பேட் ரிம்மைத் தொடுவதற்குள் லீவர் பாரில் போய் முட்டும். விடியற்காலை சென்னை ஈசிஆரில் சீராகப் போகும்வரை இது தெரியாது. முட்டுக்காடு தாண்டி நாய் ஒன்று குறுக்கே ஓடினால் தெரியும்.

அதனால் ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகுங்கள். ஸ்கேல் வைத்து அளந்து இரண்டு பக்கமும் ஒரே அளவு வையுங்கள். பிறகுதான் கேபிள்: பேட்டுக்கும் ரிம்முக்கும் பக்கத்துக்கு 1 முதல் 2 மி.மீ. விட்டால் போதும். கடைசியில் டிராப்பிலிருந்து முழு பலத்தோடு அழுத்துங்கள். லீவருக்கும் பாருக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடமாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை என்றால் ரீச்சைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஹைட்ராலிக் டிஸ்க்கில் கேபிள் இல்லை. லீவர் பஞ்சு போல அமுங்கினால் ரீச்சோடு மல்லுக்கட்டாமல் முதலில் ப்ளீட் செய்யுங்கள், அதாவது பிரேக் எண்ணெயில் புகுந்த காற்றை வெளியேற்றுங்கள்.

ஹூட் கிட்டே வரட்டும் என்று பாரை மேலே சுழற்றுவது இன்னொரு குறுக்குவழி. ஹூட் கிட்டே வரும், மணிக்கட்டு மடங்கும். லீவரும் பாரோடு சேர்ந்தே சுற்றுவதால் டிராப்பிலிருந்து விரலுக்கு ஒரு லாபமும் இல்லை. பாரின் மேல்பகுதியும் ஹூட்டும் ஒரே சரிவாக ஓட வேண்டும். பாரையே மாற்றுவதாக இருந்தால் ரீச் (இங்கே, பார் முன்னால் நீளும் தூரம்) 70 மி.மீ. பக்கம் உள்ள காம்பாக்ட் வகையை, தோள் அகலத்துக்கு ஏற்றபடி கேளுங்கள். குட்டையான ஆளுக்கும் கடையில் 42 செ.மீ. பாரோடு பைக்கைத் தள்ளிவிடுவது சகஜம். மெத்தென்று இருக்கட்டும் என்று தடிமனான பார் டேப் சுற்றுவதும் சின்னக் கைக்கு எதிரி. பிடி பருத்த அளவுக்கு விரல் குட்டையாகிறது.

சென்னைக்கே உரிய தொல்லை உப்பு. வியர்வையும் கடற்காற்றும் சேர்ந்து ஹூட் ரப்பருக்குள் வெள்ளைப் பொடியாகப் படியும். லீவரைப் பாரில் இறுக்கும் கிளாம்ப் போல்ட்டின் அலன் குழியையும் அது அடைத்துவிடும். பொடியைச் சுரண்டாமல் அலன் கீயைப் பாதி நுழைத்துத் திருகினால் குழி வழுக்கிப்போகும், அப்புறம் அந்த போல்ட்டைக் கழற்றுவது பெரும்பாடு. ஊசியால் சுத்தம் செய்து, கீ அடிவரை இறங்கிய பிறகு திருகுங்கள். மாட்டும்போது மரையில் துளி கிரீஸ் தடவுங்கள். ஸ்டெம் முகப்பின் நான்கு போல்ட்டுகளையும் குறுக்கும் மறுக்குமாக, மேலும் கீழும் இடைவெளி சமமாக வரும்படி இறுக்குங்கள். பெரும்பாலான ஸ்டெம்களில் 5 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டே இருக்கும். கார்பன் பார் என்றால் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) இல்லாமல் தொடவே வேண்டாம்.