லேபிள் தொடங்கும் தம்பிகளே, என் பழைய ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடுங்கள்

போன மாதம் ஒரு தம்பி வந்திருந்தார். சென்னையில் நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும் ஒரு பேண்டின் ஆறு பாட்டை வெளியிடப்போகிறாராம். லேபிளுக்கு, அதாவது பாட்டு வெளியிடும் கம்பெனிக்கு, பெயர், லோகோ எல்லாம் தயார். ஒப்பந்தம் எங்கே என்றேன். போனில் காட்டினார். எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. மூன்றாவது வரியில் ‘ஒலிபதிவு’ என்று ஒரு ப் விட்டுப்போயிருந்தது. அந்தப் பிழை என்னுடையது. 2013-ல் நான் அடித்த தாள்தான் கைமாறிக் கைமாறி அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

லேபிள் தொடங்குபவர்கள் செய்யும் தப்புகளைத்தான் கீழே சொல்கிறேன். போஸ்டரில் தேதியைத் தப்பாகப் போடுவது, சவுண்ட் செக்குக்கு நேரம் விடாதது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடும்.

காலமும் எல்லையும் இல்லாத ஒப்பந்தம்

அந்தத் தாளின் கதை இது. 2013-ல் வேறொரு பேண்டின் பையன்கள் நால்வர் தங்கள் காசைப் போட்டு வடபழனியில் ஒரு ஸ்டுடியோவில் பதிவுசெய்து, “நீங்களே வெளியிடுங்கண்ணா” என்று கொடுத்தார்கள். மிக்ஸிங், மாஸ்டரிங், சிடி, ஐந்து ஊரில் நிகழ்ச்சி என்று என் பக்கம் மூன்று லட்சத்துக்கு மேல் போனது. தாளில் ‘பாடல்களின் எல்லா உரிமையும் லேபிளுக்கே’ என்று ஒரே வரி. நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள். வக்கீலுக்கு ஐயாயிரம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

2019-ல், மலேசியாவில் தமிழ்ப்படம் எடுக்கும் ஒருவர் அதில் ஒரு பாட்டைக் கேட்டார். நல்ல தொகை. அவருடைய வக்கீல் ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, இதை வைத்து நீங்கள் விற்க முடியாது என்றார். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவைக் காட்டினார். உரிமையை எழுதி மாற்றித் தரும்போது எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான். எந்தெந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். ஆக, என் உரிமை 2018-லேயே முடிந்துவிட்டது. முடியாமல் இருந்திருந்தாலும் மலேசியாவுக்கு விற்க எனக்கு அதிகாரம் இல்லை. ‘எல்லா’ என்ற சொல்லை எவ்வளவு நம்பியிருந்தேன்!

படக்காரர் நேரே பேண்டிடம் போனார். பணம் அவர்களுக்குப் போனது. நியாயமும் அவர்கள் பக்கம்தான். கோபப்பட ஓர் ஆள்கூட இல்லை என்பதுதான் இன்றைக்கும் எரிச்சல்.

அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி; வேறுவிதமாக எழுதியிருந்தால்தான் தப்பிக்கும். நம் தம்பியோ இரண்டு பாட்டை இப்போதும், மீதியை அடுத்த வருஷம் தீபாவளி தாண்டியும் விடப்போகிறாராம்.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1978-ல் தொடங்கிய ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் என்ற லேபிள் எனக்கு ஒரு வகையில் ஆறுதல். இசை கலைஞர்களுக்கே சொந்தம், கம்பெனிக்கு ஒன்றும் கிடையாது என்பது அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான டோனி வில்சனின் கொள்கை. 1992-ல் கடனில் மூழ்கி லண்டன் ரெக்கார்ட்ஸுக்கு விற்கப் போனபோது, நியூ ஆர்டர் பேண்டின் பழைய பதிவுகள் ஃபேக்டரியிடம் இல்லை என்று தெரிந்தது. ஆனால் வில்சன் மனமறிந்து எழுதிக் கொடுத்தார். நான் சோம்பலில் விட்டேன்.

அதற்காக ‘உலகம் முழுக்க, 60 ஆண்டு’ என்று எழுதி வாங்கிவிடாதீர்கள். ஒலிப்பதிவின் பதிப்புரிமைக் காலமே 60 ஆண்டுதான். மொத்தத்தையும் கேட்டால் நல்ல பேண்ட் எதுவும் உங்களிடம் நிற்காது. நான் இப்போது உலகம் முழுக்க, 7 ஆண்டு, அப்புறம் அவர்களுக்கே என்று எழுதுகிறேன்.

பாட்டெழுதியவரின் ராயல்டியையும் விழுங்குவது

‘ராயல்டியும் லேபிளுக்கே’ என்று ஒப்பந்தத்தில் எழுதினால், பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு அந்த வரி செல்லாது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் உள்ள சமபங்கை அவர்களே நினைத்தாலும் லேபிளுக்கு விட்டுக்கொடுக்க முடியாது.

ஐஎஸ்ஆர்சி

ஒவ்வொரு ஒலிப்பதிவையும் அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட குறியீடு இது. விநியோக நிறுவனத்தை மாற்றினாலும் இதை மாற்றாதீர்கள்.

ஓசி டிக்கெட்

கூடாது. சொந்த மச்சானுக்கும்.

இரவு பத்து மணி

திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. என் இரண்டாவது நிகழ்ச்சியில் முதலில் ஏறிய பையன்கள் “இன்னும் ஒரே ஒரு பாட்டுண்ணா” என்று இழுத்து, கூட்டம் யாருக்காக வந்ததோ அந்த பேண்ட் ஏறும்போது மணி 9.40. மூன்றாவது பாட்டின் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. பாதி டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போதெல்லாம் என் தங்கை வாட்சைப் பார்த்துக்கொண்டு மேடையோரம் நிற்பாள். அவள் கையைத் தூக்கினால் மைக் செட்காரர் என்னைக்கூடக் கேட்காமல் வால்யூமை இறக்கிவிடுவார்.