ப்ளூ-ரே பிளேயர் ஆடியோ செட்டிங்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரிசீவரில் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) இன்புட்டை மாற்றி வைப்பது, மியூட்டை எடுக்க மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. சத்தமே வராவிட்டால் யாராக இருந்தாலும் ஐந்து நிமிடத்தில் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள். நல்லபடியாகத்தான் கேட்கிறது என்று நினைக்க வைத்துவிட்டு, உள்ளே பாதியை விழுங்கிவிடும் தவறுகள்தான் மோசமானவை. புதிதாக ஹோம் தியேட்டர் போடுகிறவர்கள் வரிசையாக வந்து விழுவதும் இவற்றில்தான்.

செகண்டரி ஆடியோ ஆனில் கிடப்பது

கூரையில் ஜிப்சம் போர்டைத் துளைத்து நான்கு ஸ்பீக்கர் பதித்திருப்பார்கள். அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பி முறை) ரிசீவர் வாங்கி, அதோடு வந்த மைக்கை வைத்து அளவும் எடுத்திருப்பார்கள். அட்மாஸ் டிஸ்க்கைப் போட்டால் ரிசீவரின் டிஸ்ப்ளேயில் வெறும் ‘டிடிஎஸ்’ என்று ஓடும், அல்லது ‘டால்பி டிஜிட்டல்’ என்று வரும். உடனே கேபிள்மேல் சந்தேகம். ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புது எச்டிஎம்ஐ கேபிள் வாங்குவார்கள். அதற்கும் மசியாவிட்டால் ரிசீவரைக் கழற்றி சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். பிளேயரில் ஒரே ஒரு வரியை ஆஃப் செய்தால் தீர்ந்துபோகிற விஷயம். இதற்காகக் காசு கரைவதைப் பார்த்தால் மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

நடப்பது இதுதான். டிஸ்க்கின் முதன்மை டிராக், தரம் குறையாமல் சுருக்கிய டால்பி ட்ரூஎச்டி அல்லது டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோவாக இருக்கும். படத்தின் ஓரத்தில் சின்ன ஜன்னலில் இயக்குநர் பேசுகிற பேச்சும் (இதுதான் செகண்டரி ஆடியோ), மெனுவில் அம்புக்குறியை நகர்த்தும்போது வருகிற ‘டிக்’ சத்தமும் தனியே வருகின்றன. இவற்றை முதன்மை ஒலியோடு கலக்க வேண்டுமானால், பிளேயர் அந்த டிராக்கைத் தானே பிரித்தாக வேண்டும். பிரித்துக் கலந்ததைச் சாதாரண டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ திரும்பக் கட்டி அனுப்புகிறது. ப்ளூ-ரேயில் ட்ரூஎச்டி நொடிக்கு 18 மெகாபிட் வரை போகலாம்; டால்பி டிஜிட்டலுக்கு உச்சவரம்பே 640 கிலோபிட்தான். ஒலி மேலே எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லும் அட்மாஸ் தகவலும் கலக்கும்போதே உதிர்ந்துவிடும். சுற்றியுள்ள ஸ்பீக்கர்கள் எல்லாம் பாடிக்கொண்டிருப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

இந்த வரிக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. சோனியில் ‘பிடி ஆடியோ மிக்ஸ்’, பானசோனிக்கில் ‘பிடி-வீடியோ செகண்டரி ஆடியோ’: இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். எல்ஜியில் ‘பிரைமரி பாஸ்-த்ரூ’, சாம்சங்கில் ‘பிட்ஸ்ட்ரீம் அன்பிராசஸ்டு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘ரீ-என்கோட்’ (திரும்பக் கட்டுவது) என்ற சொல் எந்த வரியில் இருந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஆஃப் செய்வதால் சின்ன ஜன்னல் பேச்சும் மெனு ‘டிக்’கும் மட்டுமே போகும். தனி டிராக்காகப் பதிந்திருக்கும் கமென்டரி வழக்கம்போல் கேட்கும்.

சரிபார்க்கும்போது மெனுவை வைத்து முடிவுக்கு வராதீர்கள். மெனு பெரும்பாலும் இரண்டு சேனல் ஒலியில்தான் ஓடும். படத்தை ஓடவிட்டு, டிஸ்க்கின் ஆடியோ பகுதியில் ட்ரூஎச்டி அல்லது அட்மாஸ் டிராக்கைத் தேர்ந்தெடுத்த பிறகு, ரிசீவர் ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்திப் பாருங்கள். மாற்றிய செட்டிங் எடுபடாத மாதிரி தெரிந்தால், ஒருமுறை ஸ்டாப் செய்து திரும்பவும் ஓடவிடுங்கள்.

ஆப்டிகல் கேபிளில் பிசிஎம்

ஆப்டிகல் கேபிளில் இரண்டு சேனல் பிசிஎம் (பிரித்து முடித்த, சுருக்காத டிஜிட்டல் ஒலி) போகும். சுருக்கிய டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) போகும். ஆறு சேனல் பிசிஎம் போகாது. அதனால் செட்டிங் பிசிஎம்மில் இருந்தால், பிளேயர் 5.1 ஒலியை இரண்டாக மடித்து அனுப்பிவிடும். ரிசீவர் அதை ப்ரோலாஜிக் என்ற டால்பி முறையில் போட்டுப் பின்பக்கமும் பரப்பும். பின்னாலிருந்தும் ஏதோ கேட்கிறதே என்று ஆளும் நிம்மதியாக இருந்துவிடுவார். ஆப்டிகல் என்றால் பிட்ஸ்ட்ரீம்தான் (பிளேயர் பிரிக்காமல் ரிசீவருக்கு அனுப்புவது). ட்ரூஎச்டி இந்த வழியில் வராது. அதற்குப் பதில், அதனுடன் சேர்த்து டிஸ்க்கிலேயே பதிந்திருக்கும் டால்பி டிஜிட்டல் வடிவம் வரும். டிடிஎஸ்-எச்டி என்றால் அதன் அடிப்படை டிடிஎஸ் வரும்.

புது கேபிளின் இரு முனையிலும் கண்ணாடி மாதிரி ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றிவிட்டுச் சொருகுங்கள். பிளேயர் ஆனில் இருக்கும்போது மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும்.

எச்டிஎம்ஐயில் கதை வேறு. அங்கே பிசிஎம் மட்டம் என்று சொல்வது தவறு. ட்ரூஎச்டியைப் பிளேயரே பிரித்து 7.1 பிசிஎம்மாக அனுப்பினாலும் ஒலித்தரம் குறையாது. அட்மாஸ், அதுபோன்ற டிடிஎஸ்:எக்ஸ் தகவல் மட்டும் கிடைக்காது. அவை வேண்டும் என்றால் பிட்ஸ்ட்ரீம்.

டிவி வழியாகச் சுற்றி விடுவது

பிளேயரிலிருந்து டிவிக்கு, டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கு என்று போனால், நடுவில் டிவி என்ன செய்யும் என்பது உங்கள் கையில் இல்லை. சில டிவிகள் டிடிஎஸ்ஸை ஏற்பதே இல்லை: படம் ஓடும், பேச்சு வராது. சாதாரண ஏஆர்சியில் (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வழியே சவுண்ட்பாருக்குத் திருப்பி அனுப்பும் வழி) ட்ரூஎச்டி வராது. இரு பக்கமும் அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி இருக்க வேண்டும். சவுண்ட்பாரில் எச்டிஎம்ஐ இன் இருந்தால் பிளேயரை நேராக அதில் கொடுத்து, அங்கிருந்து டிவிக்குக் கொண்டுபோங்கள். டிவி ஸ்பீக்கரில் மட்டும் கேட்பவர்களுக்கு பிசிஎம்மே சரி.

டிஆர்சி

பெரிய சத்தத்துக்கும் மெல்லிய சத்தத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் செட்டிங். ராத்திரியில் ஆன், மற்ற நேரம் ஆஃப்.

பிளேயரில் ஸ்பீக்கர் சைஸ், தூரம்

பிட்ஸ்ட்ரீம் போகும்போது அது வேலை செய்யாது. ரிசீவரில் மட்டும் வையுங்கள்.

டிடிஎஸ் சிடி

டிடிஎஸ் ஒலியைப் பதிந்த இந்த டிஸ்க் சாதாரண சிடி மாதிரியே இருக்கும். ஆனால் அனலாக் வழியாக ஓடவிட்டால் பாட்டுக்குப் பதில் ‘ஸ்ஸ்ஸ்’ என்ற இரைச்சல்தான் கொட்டும். வால்யூம் ஏறியிருந்தால் ட்வீட்டர் (கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர்) போய்விடலாம். டிஜிட்டல் இணைப்பில் மட்டும் ஓடவிடுங்கள். முதல் சில நொடிக்கு வால்யூமை அடியில் வைத்து, டிஸ்ப்ளேயில் ‘டிடிஎஸ்’ என்று வந்த பிறகு ஏற்றுங்கள்.