வெள்ளை ஈ வந்தா நாம பண்ற தப்புங்க

செம்பருத்திய லேசா தட்டினதும் சுண்ணாம்புத் தூள் மாதிரி குபுக்னு பறந்து, ரெண்டு செகண்ட்ல திரும்ப அதே செடில போய் உக்காந்தா அது வெள்ளை ஈ. பஞ்சு மாதிரி ஒட்டிக்கிட்டு தட்டினாலும் பறக்கலன்னா அது மாவுப்பூச்சி. நிறைய பேர் ரெண்டையும் குழப்பிக்கறாங்க.

எங்க மேற்கு மாம்பலம் மொட்டை மாடில நான் முதல்ல பண்ண பெரிய தப்பு, வேப்பெண்ணெய இலைக்கு மேல மட்டும் அடிச்சதுதான். ஒரு நாள் கத்தரி இலைய திருப்பி வெயில்ல புடிச்சு பாத்தேன், நரம்பு ஓரமா கடுகுலயும் சின்னதா, வெளிர் மஞ்சளா, செதில் செதிலா ஒட்டிட்டு அசையாம சாறு உறிஞ்சிட்டு இருக்கு, அதுதான் குஞ்சு. பறக்கறத மட்டும் பாத்துட்டு இதுங்கள விட்டா மறுபடி மொதல்லேர்ந்துதான். கொய்யா இலை அடில வெள்ளை மெழுகு வட்ட வட்டமா சுத்தியிருந்தா அது சுருள் வெள்ளை ஈ. இதுலயே ஒரு வகை, ரூகோஸ்னு சொல்றது, 2016ல பொள்ளாச்சி பக்கம் தென்னைல கண்டுபிடிச்சாங்க, இப்போ தென்னை இருக்கற வீட்டுக்கெல்லாம் இது தலைவலி.

அடுத்து, ஒரு தடவ அடிச்சிட்டு ‘சரியாயிடுச்சு’ன்னு விடறது. முட்டைலேர்ந்து பெரிய ஈ ஆக நம்ம ஊர் சூட்டுல கிட்டத்தட்ட மூணு வாரம் ஆகும், வேப்பெண்ணெய் முட்டைய அவ்வளவா ஒண்ணும் பண்ணாது, அதனால வாரம் ஒரு தடவ வீதம் மூணு நாலு தடவ அடிங்க. ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி எண்ணெய், முதல்ல அத கொஞ்சம் காதி சோப்பு கரைசல்ல நல்லா கலக்கிட்டு அப்புறம் தண்ணி ஊத்துங்க, இல்லன்னா எண்ணெய் மேல மிதக்கும். சாயங்காலம் மட்டும்தான், மே மாச மத்தியான வெயில்ல அடிச்சா இலை கருகிடும். பாத்திரம் தேய்க்கற லிக்விட தாராளமா ஊத்தறதும் வேண்டாம்பா.

அதுக்கு முன்னாடி ஹோஸ்ல அடிப்பக்கமா தண்ணிய பீச்சி அடிங்க, பாதி பூச்சி அதுலயே போயிடும். வீட்டுக்குள்ள இருக்கற செடின்னா பாத்ரூம்ல வெச்சு கழுவலாம்.

இலை மேல கருப்பா புகை மாதிரி படிஞ்சா பூஞ்சை மருந்து வாங்க ஓடாதீங்க. பூச்சி விடற தேன் மாதிரி கழிவுல வளர்றதுதான் அது, பூச்சி குறைஞ்சதும் தொடைச்சா போயிடும். எறும்பு வரிசையா ஏறுதுன்னாலே இலைய திருப்பி பாத்துடுங்க.

வெண்டைல நரம்பெல்லாம் மஞ்ச வலை மாதிரி ஆனா அது வெள்ளை ஈ கொண்டு வர்ற வைரஸ், மருந்து கிடையாது. மனசு கேக்காது, எனக்கும் கேக்கல, பாவம் காய்க்கட்டும்னு விட்டேன், பக்கத்து பைல இருந்த செடியெல்லாம் போச்சு. பிடுங்கி கவர்ல கட்டி போட்டுடுங்க, மாடி மூலைல குவிச்சு வெக்காதீங்க.

மஞ்ச அட்டைல விளக்கெண்ணெய் தடவி தொங்க விடறது நல்லதுதான், ஆனா அது பறக்கறத மட்டும்தான் பிடிக்கும். எடுத்த எடுப்புல கடைல ஸ்ட்ராங்கா ஒரு விஷம் கேட்டு வாங்கி அடிச்சா, இந்த ஈய திங்கற பொறிவண்டும் சேந்து செத்துடும், அப்புறம் ஈ இன்னும் அதிகமாத்தான் வரும். யூரியாவ அள்ளிப் போட்டா இலை தளதளன்னு வரும், பூச்சிக்கு அதுதான் ரொம்ப பிடிக்கும்.

நர்சரிலேர்ந்து புதுசா செடி வாங்கினா ரெண்டு வாரம் தனியா வைங்க. எங்க மாடிக்கு மொதல்ல வந்ததே ஒரு செம்பருத்தி பை வழியாத்தான், வாங்கற அன்னிக்கு பூவ மட்டும்தான் பாத்தேன்.