பழைய செவர்லே டிரக்கில் ஹேண்ட் கியர் ஆட்டத்தைச் சரிசெய்வது எப்படி?

என் 1970 செவர்லே சி10 என் மானத்தை வாங்கியது ஒரு சிக்னலில். இரண்டாவது கியரிலிருந்து முதல் கியருக்கு இழுத்தேன். லீவர் பாதியிலேயே கவ்விக்கொண்டது. முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. பின்னால் ஹாரன் சத்தம். மறுநாளே புது லீவர் வாங்கி மாட்டினேன். ஒரே வாரத்தில் மறுபடி அதே கதை. கை படுகிற இடத்தில்தான் கோளாறு என்று நினைத்தது என் தப்பு. தேய்மானம் பெரும்பாலும் கீழே இருக்கும்.

அம்பாசிடர், பத்மினி ஓட்டியவர்களுக்கு ஹேண்ட் கியர், அதாவது ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும் கியர் லீவர், புதிதல்ல. அவற்றில் நான்கு கியர், இதில் மூன்று. அமெரிக்கர்கள் வைத்த செல்லப்பெயர் ‘த்ரீ ஆன் த ட்ரீ’. மரம் என்பது ஸ்டியரிங் தண்டு. லீவரை உங்கள் பக்கம் இழுத்து மேலே தூக்கினால் ரிவர்ஸ், கீழே இறக்கினால் முதல் கியர். இழுக்காமல் மேலே தூக்கினால் இரண்டு, கீழே இறக்கினால் மூன்று.

பானட்டைத் திறந்து தண்டின் அடியைப் பாருங்கள். இரண்டு சிறிய இரும்புக் கைகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும். ஒன்று முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும், மற்றது இரண்டுக்கும் மூன்றுக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ராடு கியர்பாக்ஸுக்குப் போகிறது. தண்டுக்குள் இருக்கும் குழாயின் அடியில் ஒரு நாக்கு உண்டு. நியூட்ரலில் அது ஒரு கையை விட்டு மற்றதைப் பிடிக்கும். இரண்டு கைகளின் பள்ளமும் நேர்க்கோட்டில் நின்றால்தான் நாக்கு தாண்டும். புஷ் (ராடு முனை ஆடாமல் துளைக்குள் உட்கார வைக்கும் சிறு வளையம்) தேய்ந்து ஒரு கை கொஞ்சம் பின்தங்கினாலும் நாக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். சிக்னலில் எனக்கு நடந்தது இதுதான். வழியில் மாட்டினால் எஞ்சினை அணைத்து, பானட்டைத் திறந்து, அந்த இரண்டு கைகளையும் கையாலேயே நேராக்கிவிட்டு வீடு வந்து சேரலாம்.

படி 1: ஆட்டம் எங்கே?

சமதளத்தில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ராடைக் கழற்றிய பிறகு கியரை நம்பி வண்டி நிற்காது. இதில் சோம்பேறித்தனம் வேண்டாம். எஞ்சின் அணைந்திருக்க, ஒருவர் உள்ளே உட்கார்ந்து லீவரை மெதுவாக ஆட்டட்டும். நீங்கள் அடியில் பாருங்கள். லீவர் அசைந்தும் குழாய் அசையவில்லையா? தேய்மானம் மேலே. குழாய் அசைந்தும் ராடு தாமதமாகக் கிளம்புகிறதா? கீழே.

படி 2: கீழிருந்து தொடங்குங்கள்

கழற்றும் முன் போனில் நாலைந்து படம் எடுத்துவிடுங்கள். எந்த ராடு எந்தக் கைக்கு என்று பெயிண்டால் ஒரு புள்ளியும் வையுங்கள். அப்புறம் கிளிப்பை எடுத்து ராடை வெளியே இழுங்கள்.

என் ராடு முனை ஒரு பக்கம் பிறை போலத் தேய்ந்திருந்தது. அது நுழையும் துளை வட்டம் மாறி முட்டை வடிவமாகியிருந்தது. புஷ்ஷோ, தூளாகி எப்போதோ போய்விட்டது. புஷ் மட்டும் போயிருந்தால் புதிது போட்டால் போதும். துளை இப்படி ஆகிவிட்டால் புது புஷ்ஷும் ஆடும். வெல்டிங் வைத்து நிரப்பி, சரியான அளவில் மறுபடி துளையிட வேண்டும். கிளிப்புகளைப் பழையதே போதும் என்று விடாதீர்கள், விலை சொற்பம்தான். மாட்டும்போது லித்தியம் கிரீஸ் தடவுங்கள்.

படி 3: மேலே

லீவரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு பின். பஞ்ச் வைத்துத் தட்டினால் வந்துவிடும். ஆனால் லீவர் நுழையும் கழுத்துப் பகுதி வார்ப்பு உலோகம். வெறுமனே அடித்தால் விரிசல் விழும். எதிர்ப்பக்கம் மரக்கட்டையை முட்டுக் கொடுத்து அடியுங்கள். உள்ளே சத்தத்தைத் தடுக்கும் சிறு ஸ்பிரிங் ஒன்று உண்டு, அது தெறித்து ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புது பின், புது ஸ்பிரிங். லீவர் முனையும் தேய்ந்திருந்தால் மட்டும் லீவரை மாற்றுங்கள்.

குழாயின் நாக்கே மழுங்கியிருந்தால் ஸ்டியரிங் வீலைக் கழற்றித் தண்டையே இறக்க வேண்டும். முதல்முறை செய்பவர் தனியாக இறங்கும் வேலையல்ல அது. பலர் இந்த இடத்தில் வெறுத்துப்போய்த் தரை கியராக மாற்றிவிடுகிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. நான் அந்த டிரக்கை வாங்கியதே இந்த லீவருக்காகத்தான்.

படி 4: நேர் பார்த்தல்

புது சாமான் போட்டும் சரியாகவில்லை என்று புலம்புபவர்கள் தவறவிடும் படி இது. ராடின் நீளத்தைப் பிடித்திருக்கும் நட்டுகளைத் தளர்த்துங்கள். கியர்பாக்ஸ் பக்கத்து இரண்டு லீவரையும் நியூட்ரலில் வையுங்கள். மேலே கை லீவரும் நியூட்ரல். தண்டடிக் கைகளில் இதற்கென்றே சிறு துளைகள் விட்டிருக்கிறார்கள். அவை ஒரே நேரில் வந்ததும், துளைக்குச் சரியாக நுழையும் டிரில் பிட்டைச் செருகுங்கள். இனி கைகள் அசையாது. அந்த நிலையிலேயே நட்டுகளை இறுக்குங்கள். ராடை வலிந்து இழுத்துப் பொருத்தக் கூடாது. பிட்டை உருவ மறக்காதீர்கள் (ஒருமுறை மறந்தேன், கியரே விழவில்லை).

படி 5: சோதனை

எஞ்சின் அணைந்திருக்கும்போதே கிளட்சை மிதித்து எல்லா கியரையும் பத்துப் பதினைந்து முறை போட்டுப் பாருங்கள். இரண்டிலிருந்து ஒன்றுக்கு வேகமாகவும் இழுங்கள், மாட்டுவதென்றால் அங்கேதான் மாட்டும். எஞ்சின் ஓடும்போது மட்டும் கியர் கரகரத்தால் ராடு மேல் பழி போடாதீர்கள். கிளட்ச் பெடலில் ஏறத்தாழ ஒரு இன்ச் வெற்று ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றால், ஆளில்லாத தெருவில் ஒரு சுற்று. முதல் ஓட்டத்திலேயே சிக்னல் பக்கம் போக வேண்டாம்.